வரி போட்டது டிரம்ப்... பில் கட்டியது அப்பாக்கள்! வீடியோ கேம் மெஷின் விலை எகிறிய கதை

கடையில் ஒரு டி.வி. மாடல் வந்து 5 வருஷம் ஆனால் விலை பாதியாக குறைந்து விடும். செல்போனும் அப்படித்தான். புது மாடல் வந்ததும் பழசை யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் வயசு ஏற ஏற விலையும் ஏறிய பொருள் ஒன்று இருக்கிறது. பசங்க சோறு தண்ணி மறந்து விளையாடுகிற வீடியோ கேம் மெஷின்தான் அது.

சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன்-5 மெஷின் 2020-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு விலை 499 டாலர். கிட்டத்தட்ட 5 வருஷம் கழித்து, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந்தேதி அது 549 டாலர் ஆனது. டிஸ்க் போடும் வசதி இல்லாத மலிவு மாடல் 399 டாலரில் ஆரம்பித்து அன்றைக்கு 499 டாலர் ஆனது.

மைக்ரோசாப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்-எக்ஸ் மெஷினை 2025 மே 1-ந்தேதி 499 டாலரில் இருந்து 599 டாலர் ஆக்கியது. 5 மாதம்தான் தாங்கியது. அக்டோபர் 3-ந்தேதி மறுபடியும் 50 டாலர் ஏற்றி 649 ஆக்கியது. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியோ 2017-ல் வந்த 8 வருஷத்து பழைய ஸ்விட்ச் மெஷினுக்கே 40 டாலர் கூட்டியது.

அந்த காலம் வேறு

முன்பெல்லாம் கதை தலைகீழ். பிளேஸ்டேஷன்-2 வந்த 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் அதன் விலை 299 டாலர். 2002-ல் 199 ஆனது. 2004-ல் 149. கடைசியில் 2009-ல் வெறும் 99 டாலருக்கு கொடுத்தார்கள். "கொஞ்சம் பொறுடா, அடுத்த வருஷம் வாங்கி தர்றேன்" என்று அப்பாக்கள் சமாளித்தார்கள். பொறுத்தால் லாபமும் இருந்தது. 2025-ல் பொறுத்தவர்கள் கையை சுட்டுக்கொண்டார்கள்.

என்ன நடந்தது? சிப் விலை, கூலி, டாலர் மதிப்பு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் 2025-ல் பெரிய ஆப்பு வைத்தது இறக்குமதி வரி.

வரியை யார் கட்டுகிறார்?

"வெளிநாட்டுக்காரன் வரி கட்டுவான்" என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் மேடைக்கு மேடை சொன்னார். நடப்பது அது இல்லை.

ஒரு செக்போஸ்டில் லாரியை நிறுத்தி வரி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவது யார்? சரக்கை வரவழைத்த வியாபாரிதான். துறைமுகத்திலும் அதே கதைதான். சீனாவில் செய்த மெஷின் அமெரிக்க துறைமுகத்தில் இறங்கும்போது, அதை வரவழைத்த கம்பெனிதான் சுங்கத்துக்கு பணம் கட்ட வேண்டும். 300 டாலர் இறக்குமதி மதிப்பு, 20 சதவீத வரி என்றால் ஒரு பெட்டிக்கு 60 டாலர். பெட்டி கடைக்கு போகும் முன்னரே அந்த பணம் போய்விடும்.

அந்த 60 டாலரை கம்பெனி தன் லாபத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினை விற்பதில் பல நேரம் லாபமே கிடையாது. எக்ஸ்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கைக்காசு போட்டு விற்பதாக மைக்ரோசாப்ட் கேம்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் பில் ஸ்பென்சரே 2022-ல் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு டிஷ் ஆன்டெனாவும் பெட்டியும் மலிவாக கொடுத்துவிட்டு மாதா மாதம் ரீசார்ஜில் பிடிக்கிற மாதிரிதான். மெஷினை கொடுத்துவிட்டு கேம், சந்தா என்று பிறகு வசூல் செய்வார்கள். ஏற்கனவே நஷ்டத்தில் போகிற பொருளுக்கு மேல் 60 டாலர் சுமை வந்தால்? வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஒரே நாளில் 2 அறிவிப்பு

2025 ஏப்ரல் 2-ந்தேதி நடந்ததை கேட்டால் சினிமா மாதிரி இருக்கும்.

அன்று காலை நிண்டெண்டோ கம்பெனி தனது புத்தம் புது ஸ்விட்ச்-2 மெஷினை உலகத்துக்கு காட்டியது. விலை 449 டாலர், ஜூன் 5-ந்தேதி விற்பனை, ஏப்ரல் 9-ந்தேதி முன்பதிவு என்று எல்லாம் பக்கா. அமெரிக்க பசங்க குதித்தார்கள்.

அன்று சாயங்காலமே வெள்ளை மாளிகை தோட்டத்தில் டிரம்ப் பெரிய அட்டையை தூக்கி காட்டினார். எந்த நாட்டுக்கு எத்தனை சதவீத வரி என்ற பட்டியல் அது. வியட்நாமுக்கு 46 சதவீதம். கம்போடியாவுக்கு 49. ஜப்பானுக்கு 24. சீனாவுக்கு ஏற்கனவே போட்டதற்கு மேல் இன்னும் 34.

நிண்டெண்டோவுக்கு தலை சுற்றியது. காரணம் இருக்கிறது. 2019-லேயே டிரம்ப் தனது முதல் ஆட்சியில் சீன சாமான்களுக்கு 25 சதவீத வரி போடப்போவதாக மிரட்டினார். அப்போது எலியும் பூனையுமாக இருந்த சோனி, மைக்ரோசாப்ட், நிண்டெண்டோ மூன்றும் கூட்டு சேர்ந்து அமெரிக்க அரசுக்கு கடிதம் எழுதின. 2018-ல் அமெரிக்காவுக்கு வந்த கேம் மெஷின்களில் 96 சதவீதம் சீனாவில் செய்தவை என்று அதில் சொன்னார்கள். அந்த வருஷம் டிசம்பரில் மிரட்டல் கைவிடப்பட்டது. ஆனாலும் எதற்கு வம்பு என்று நிண்டெண்டோ கொஞ்சம் உற்பத்தியை வியட்நாமுக்கு மாற்றியது. சீனாவை விட்டு ஓடிப்போய் பதுங்கிய இடத்திலேயே 46 சதவீதம் விழுந்தால் எப்படி இருக்கும்?

2 நாள் கழித்து அமெரிக்காவில் மட்டும் முன்பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு நடந்தது இன்னும் கூத்து. முன்பதிவு ஆரம்பிக்க வேண்டிய அதே ஏப்ரல் 9-ந்தேதி, புது வரியில் பெரும்பகுதியை 90 நாளுக்கு நிறுத்துவதாக டிரம்ப் அறிவித்தார். சீனாவுக்கு மட்டும் விலக்கு இல்லை. அது ஏறி ஏறி 145 சதவீதத்துக்கு போனது. 2 நாளில் செல்போன், கம்ப்யூட்டருக்கு சலுகை வந்தது. கேம் மெஷினுக்கு அந்த சலுகை கிடைக்கவில்லை. மே மாதம் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை நடந்து சீன வரி 30 சதவீதமாக இறங்கியது. ஜூலையில் வியட்நாமுக்கு 20 சதவீதம் என்று முடிவானது.

காலையில் ஒரு உத்தரவு, ராத்திரி ஒரு உத்தரவு. ஒரு தொழிற்சாலையை நாடு மாற்ற வருஷக்கணக்கில் ஆகும். வரி மட்டும் வாரத்துக்கு வாரம் மாறியது. வியாபாரிகளுக்கு வரியை விட இந்த நிச்சயமில்லாத நிலைமைதான் பெரிய தலைவலி. நாளைக்கு எவ்வளவு வரி என்று தெரியாதவர் நாளைக்கும் சேர்த்துத்தான் இன்று விலை வைப்பார்.

நிண்டெண்டோ கடைசியில் ஸ்விட்ச்-2 விலையை 449 டாலரிலேயே வைத்துக்கொண்டது. முன்பதிவை ஏப்ரல் 24-ந்தேதி ஆரம்பித்தது. ஆனால் சும்மா விடவில்லை. கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கு 5 டாலர், டி.வி.யில் இணைக்கும் டாக்குக்கு 10 டாலர் என்று சில்லறை சாமான்களில் கூட்டியது. சோனி கம்பெனியோ டிரம்ப் வரியால் தனக்கு 10 ஆயிரம் கோடி யென் வரை பாதிப்பு வரலாம் என்று அந்த மே மாதம் கணக்கு சொன்னது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வரி போட்டது அமெரிக்கா. ஆனால் அந்த ஏப்ரல் மாதமே சோனி விலை ஏற்றியது லண்டனிலும், ஐரோப்பாவிலும், ஆஸ்திரேலியாவிலும்! விலைவாசியும் நாணய மதிப்பும் காரணம் என்றது கம்பெனி. வரி பற்றி வாய் திறக்கவில்லை. அமெரிக்கா பெரிய சந்தை, அங்கே கடைசியில் கை வைக்கலாம் என்று நினைத்திருந்தால் ஆச்சரியம் இல்லை. 4 மாதத்தில் அங்கேயும் கை வைத்து விட்டார்கள்.

பிரேசிலில் 4 ஆயிரம்

வரி எந்த அளவுக்கு போகும் என்பதற்கு பிரேசில்தான் உதாரணம். 2013-ல் பிளேஸ்டேஷன்-4 அமெரிக்காவில் 399 டாலர். பிரேசிலில் 3,999 ரியால். அன்றைய மதிப்புக்கு 1,800 டாலருக்கு மேல்! மக்கள் கொதித்து போனார்கள். விமானம் ஏறி அமெரிக்கா போய் வாங்கி வந்தாலே மலிவு என்று கிண்டல் அடித்தார்கள். விலையில் 63 சதவீதம் வரிக்கே போகிறது என்று சோனி விளக்கம் கொடுத்தது.

இத்தனை வரி எதற்கு? உள்ளூரில் தொழிற்சாலை வரட்டும் என்பதற்குத்தான். அமேசான் காட்டுக்கு நடுவில் மனாஸ் என்ற நகரத்தில் வரிச்சலுகை மண்டலமே வைத்திருக்கிறது பிரேசில். அது கொஞ்சம் பலித்தது. 2015-ல் அங்கேயே பிளேஸ்டேஷன்-4 செய்ய ஆரம்பித்ததும் விலை 2,599 ரியாலாக இறங்கியது. ஆனால் அதே வருஷம் ஜனவரியில் நிண்டெண்டோ, வரி கட்டி மாளவில்லை என்று பிரேசில் கடைகளுக்கு சரக்கு அனுப்புவதையே நிறுத்தி விட்டது.

காங்கோ சுரங்கம்

வரி ஒரு பக்கம். நாட்டில் சண்டை, குழப்பம் வந்தாலும் விலை ஆடும்.

மெஷினுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் டாண்டலம் என்ற உலோகம் போடுகிறார்கள். அது கோல்டான் என்ற கருப்பு கல்லில் இருந்து வருகிறது. கோல்டான் அதிகம் கிடைப்பது ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில். 2000-ம் ஆண்டு செல்போனும் பிளேஸ்டேஷன்-2-ம் ஒரே நேரத்தில் சக்கை போடு போட, டாண்டலம் விலை பல மடங்கு எகிறியது. அப்போது காங்கோவில் உள்நாட்டு போர். சுரங்கத்தை பிடித்தவன் கையில் பணம், பணம் இருப்பவன் கையில் துப்பாக்கி. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் கூட மண்ணை தோண்டினார்கள். இதனால்தான் சிலர் அதை "பிளேஸ்டேஷன் போர்" என்றே சொன்னார்கள்.

அது முடிந்த கதை இல்லை. 2024-ல் ருபாயா என்ற கோல்டான் சுரங்க பகுதியை எம்-23 கிளர்ச்சிப்படை பிடித்தது. 2025 ஜனவரியில் கோமா நகரமும் விழுந்தது.

கடலிலும் தொல்லை. 2023 நவம்பரில் இருந்து ஏமனின் ஹவுதி படையினர் செங்கடலில் கப்பல்களை தாக்க, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவை சுற்றிக்கொண்டு போயின. ஐரோப்பாவுக்கு 10 நாளுக்கு மேல் கூடுதல் பயணம். அந்த எரிபொருள் செலவும் பெட்டி மேல்தான்.

இலங்கையில்...

வரியே போடாமல் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆக வேண்டுமா? 2022-ல் இலங்கையில் நடந்ததை பார்த்தால் போதும். மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் 360 வரை போனது. 400 டாலர் பொருள் என்றால் 80 ஆயிரத்தில் இருந்து 1 லட்சத்து 44 ஆயிரம்! பொருள் அதேதான், ரூபாய்தான் சரிந்தது. பாலுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற நேரத்தில் கேம் மெஷினை யார் நினைப்பார் என்பது வேறு விஷயம். ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே போனார்.

நம்ம ஊரில் எப்படி?

இந்தியாவில் பிளேஸ்டேஷன்-5 வந்தது 2021 பிப்ரவரியில். விலை 49 ஆயிரத்து 990 ரூபாய். அடுத்த ஆண்டு நவம்பரில் 54 ஆயிரத்து 990. இடையில் டாலர் 73 ரூபாயில் இருந்து 81-க்கு போயிருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐயும் தாண்டியது.

இங்கே வரியும் அடுக்கு அடுக்காக விழும். முதலில் சுங்க வரி. அதன் மேல் கூடுதல் வரி. எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதாவது வரிக்கும் வரி. ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரியில்தான் குறைத்தார்கள்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் மெஷினை கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வியாபாரிகள் கொண்டு வந்து விற்றதுதான். டாலர் ஏறினால் அந்த விலை அன்றைக்கே ஏறும். எம்.ஆர்.பி. கேட்டு சண்டை போடவும் முடியாது. அப்படி வந்த மெஷின் ரிப்பேர் ஆனால் கம்பெனி வாரண்டியும் இங்கே செல்லாது. விற்ற கடைக்காரர் கொடுக்கும் கியாரண்டி மட்டும்தான். அதனால் வாங்கும்போதே பில்லில் கடை முத்திரையோடு எத்தனை மாதம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.