வேலை மாறுகிறது, பிள்ளை வெளியூர் போகிறது



தோட்டப்புறக் குடும்பங்களில் இரண்டு பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. ஒன்று, தகப்பனாரின் வேலை மாறுகிறது அல்லது நின்றுபோகிறது. மற்றொன்று, பிள்ளை எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்துக் கல்லூரிக்குப் புறப்படுகிறது. இது தற்செயலாக நடப்பதன்று. பிள்ளைக்கு 17, 18 வயது ஆகும்போது தகப்பனாருக்கு 50ஐ ஒட்டிய வயது ஆகிறது. உடல் உழைப்பை நம்பிய வேலையில் கை தளரத் தொடங்கும் வயதும் அதுதான். ஆகவே, வரவு குறையும் நேரமும் செலவு கூடும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த நெருக்கடியில் பல வீடுகளில் முதலில் அடிபடுவது பிள்ளையின் படிப்புதான். "ஒரு வருசம் பொறுத்துப் படிக்கட்டும். இப்போதைக்கு ஃபாக்டரிக்குப் போகட்டும்" என்கிறோம். அந்த ஒரு வருடம் பல பிள்ளைகளுக்குத் திரும்பி வருவதே இல்லை. அப்படி நேராமல் காக்கக் குடும்பம் என்ன செய்யலாம்? அதைத்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

முதலில் தோட்ட வேலையின் தன்மையைப் புரிந்துகொள்வோம். பட்டணத்தில் வேலை என்றால் சம்பளம், அவ்வளவுதான். தோட்டத்தில் அப்படியில்லை. குடியிருக்கும் வீடு, குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை, பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், அவசரத்துக்குக் கைகொடுக்கும் அண்டை வீட்டார் ஆகிய எல்லாமே வேலை என்ற ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. கயிறு அறுந்தால் எல்லாம் ஒன்றாக விழும். அதனால்தான் தோட்டத்தில் வேலை போகிறது என்ற செய்தி வந்தவுடன் குடும்பமே திகைத்து நிற்கிறது. அந்தத் திகைப்பிலிருந்து வெளிவர ஒரே வழி, கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பதுதான். வீட்டுக்கு என்ன வழி, சாப்பாட்டுக்கு என்ன வழி, படிப்புக்கு என்ன வழி என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை கிடைக்கும்.

வேலை மாறுவது நம் மக்களுக்குப் புதிதும் அன்று. பால்மரக் காலத்தை எண்ணிப் பாருங்கள். குளிர்ச்சியான நேரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன்னே பெரட்டுக்குப் போனோம். பட்டைக்குக் காயம் படாமல் உளியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆண், பெண், முதியவர் யாரும் மரம் வெட்டலாம். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் சம்பளம் வாங்கினார்கள். சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் வாணிக முறையில் தொடங்கிய செம்பனை, 1960க்குப் பிறகு பால்மரம் நின்ற இடங்களில் வேகமாகப் பரவியது. செம்பனையின் வேலை வேறு. நீண்ட அலக்கின் முனையில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும் குலையை வெட்டி இறக்க வேண்டும். குலை ஒன்று 10 கிலோவும் இருக்கும், 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் வேலையில் அவசரமும் உண்டு. கைத்திறனுக்கு இருந்த இடத்தைத் தோள்வலு பிடித்துக்கொண்டது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, களைக்கொல்லி மருந்தடிப்பது என்றாயிற்று. வயதானவர்களுக்கு இடம் குறைந்தது.

அப்போதும் நம் குடும்பங்கள் வேறு வழி தேடத்தான் செய்தன. 1972இல் பாயான் லெப்பாஸ், சுங்கைவே போன்ற இடங்களில் சுதந்திர வர்த்தக வட்டாரங்கள் தொடங்கியபின், தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். அதற்கும் முன்பு, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி.சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாம் அறிவோம். திட்டமிட்டுச் சேர்ந்து நின்றவர்கள் அந்த மாற்றத்தில் நிலைத்தார்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர். அப்பாவுக்கு வயது 51. அதே தோட்டத்தில் 24 ஆண்டுகள் வேலை செய்தவர். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர். மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மகள் எஸ்.பி.எம். முடித்து, போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. இந்த நிலையில், தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படுகிறது என்ற செய்தி வருகிறது. இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, வரவேண்டிய பணத்தைக் கணக்குப் பார்ப்பது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்யும்போது எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி வேலைநீக்க நட்ட ஈடும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 15 நாள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். நம் எடுத்துக்காட்டில் வரும் அப்பாவுக்கு 24ஐ 20ஆல் பெருக்கினால் 480 நாள் சம்பளம். அம்மாவுக்கும் அவருடைய சேவைக் காலத்துக்கு ஏற்ப உண்டு. தோட்டம் கைமாறி, புதிய முதலாளி அதே நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால் இந்தப் பணம் கிடைக்காது. ஆனால் பழைய சேவைக் காலம் தொடர்ந்து கணக்கில் சேரும். எனவே, வேலையில் சேர்ந்த தேதியைக் கிராணியிடம் எழுத்தில் வாங்கி வைப்பது மிக முக்கியம். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். ஐயம் இருந்தால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள். புரியாத தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டாம்.

இரண்டாவது, வேலைக் காப்புறுதி. 2018 முதல் சொக்சோ நடத்திவரும் இந்தத் திட்டத்தில், சந்தா செலுத்தியவர் வேலை இழந்தால் சில மாதங்களுக்கு உதவித்தொகை பெறலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. "எப்படியும் போகத்தானே போகிறோம்" என்று கோபத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வருவோர், நட்ட ஈட்டையும் இந்த உதவியையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

மூன்றாவது, ஊழியர் சேமநிதி. மே 2024 முதல் 55 வயதுக்கு உட்பட்டவரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. நூற்றுக்கு 75 பங்கு ஓய்வுக் காலத்துக்கு, 15 பங்கு நலவாழ்வுக்கு, 10 பங்கு அவசரத்துக்கு. பிள்ளையின் உயர்கல்விக்கு நலவாழ்வுக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அம்மாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமலே குடும்பம் நடத்துகிற வீடுகள் நம்மிடையே ஏராளம்.

மொத்தமாகப் பணம் கைக்கு வரும் நாள்தான் ஆபத்தான நாள். சொந்தக்காரர் கடன் கேட்பார். யாரோ ஒருவர் மாதம் தவறாமல் இலாபம் தருவதாகச் சொல்லிப் பணம் போடச் சொல்வார். மகனுக்குப் புது மோட்டார் சைக்கிள் மேல் ஆசை வரும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த நாளுக்காகத்தான். அந்தப் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கு வீட்டுக்கு. வாடகை வீடு எடுக்கும்போது இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், முதல் மாத வாடகை தனியாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு தொகையும் கேட்பது வழக்கம். இரண்டாம் பங்கு ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு. மூன்றாம் பங்கு படிப்புக்கு. படிப்புப் பங்கைத் தனிப் புத்தகத்தில் போட்டு, அம்மாவின் பெயரில் வையுங்கள்.

தோட்ட வீட்டைப் பொறுத்தவரை, வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். எப்போது காலி செய்ய வேண்டும், மாற்று வீடு உண்டா என்பதை வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லயத்திலுள்ளவர்கள் தனித்தனியே போகாமல், எல்லோரும் சேர்ந்து, சங்கத்தின் வழியாகக் கேட்பது நல்லது. புதிய இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். கடைக்குட்டி நடந்தோ பேருந்திலோ போகக்கூடிய தமிழ்ப்பள்ளி அங்கே உண்டா என்றும் பாருங்கள். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல்தான் உள்ளன. தோட்டங்களிலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாறிய பள்ளிகளும் பல. விசாரித்தால் பக்கத்திலேயே ஒன்று இருக்கக் கூடும்.

இனி மகளின் படிப்புக்கு வருவோம். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு வழிகள் பல. ஆறாம் படிவம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறைவு. மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டு. விடுதியில் தங்க வேண்டும், ஒரு சிறு உதவித்தொகையும் உண்டு. போலிடெக்னிக் டிப்ளோமா சுமார் மூன்றாண்டு. கைத்தொழில் அறிவோடு வேலைக்குப் போகலாம், மேலும் படிக்கவும் செய்யலாம். 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக்தான் நாட்டில் முதலாவது. டிப்ளோமாவுக்கும் பட்டப் படிப்புக்கும், 1997இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்விக் கடன் நிதியில் கடன் பெறலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கடன் பணம் பெரும்பாலும் பிள்ளை கல்லூரியில் பதிந்து, பத்திரங்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் வரும். அதுவும் மாதச் சம்பளம் போல வராது, பருவத்துக்கு ஒரு முறை வரும். பதிவுக் கட்டணம், பேருந்துச் செலவு, மெத்தை விரிப்பு, வாளி, சாப்பாடு ஆகிய அனைத்தும் அதற்கு முன்பே தேவை. முதல் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் திண்டாடித்தான் பல பிள்ளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். நாம் ஒதுக்கச் சொன்ன மூன்றாம் பங்கு முக்கியமாக இந்த இரண்டு மாதத்துக்குத்தான். கடன் பணம் வந்தபின், அதை மாதக் கணக்காகப் பிரித்துச் செலவு செய்யப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுச் செலவுக்காக அதில் கை வைக்காதீர்கள்.

பணம் ஒருபுறம் இருக்க, மனத்தையும் பார்க்க வேண்டும். மகள் புறப்பட்டபின் வீட்டில் ஓர் ஆள் குறைகிறது. அதிகாலையில் சோறு வடித்தது, தம்பிக்குப் பாடம் சொன்னது, மலாயில் வரும் கடிதங்களைப் படித்துச் சொன்னது எல்லாம் அவள்தான். இந்த வேலைகள் அனைத்தையும் அம்மா ஒருவர் தலையில் போட்டால் அவர் சோர்ந்துபோவார். மூத்த மகன் சமையலறைக்குள் வரட்டும், துணி துவைக்கட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அப்பாவின் நிலைமை இன்னும் நுட்பமானது. தோட்டத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும். "நல்ல வேலைக்காரர்" என்று தண்டல் முதல் துரை வரை சொன்னார்கள். பட்டணத்தில் ஜாகா வேலைக்குப் போனால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆள் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார். வீட்டில் பேச்சு குறைகிறது. சிலருக்குக் குடி கூடுகிறது. இது சோம்பலோ திமிரோ அன்று. இழந்ததை எண்ணி வரும் வருத்தம். குடும்பக் கணக்கை அவர் கையில் கொடுங்கள். கோயில் காரியத்திலும் பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் அவரை முன்னே நிற்கச் சொல்லுங்கள்.

கல்லூரியிலுள்ள பிள்ளை வீட்டுக்கு நல்ல சேதி மட்டுமே சொல்லும். பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடுவது, கையில் காசில்லாமல் ஒருவேளை பட்டினி கிடப்பது, இவற்றையெல்லாம் மறைத்துவிடும். வீட்டில் உள்ளவர்களும் வேலை போன சேதியை மறைப்பார்கள். இரு பக்கமும் மறைத்தால் ஒருநாள் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். வாரத்துக்கு ஒருநாள் குறித்துக்கொண்டு பேசுங்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே? கையில எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள்; உண்மை வரும்.

எல்லாவற்றையும் மீறி நெருக்கடி வந்தால், பிள்ளையைத் திரும்ப அழைப்பதற்கு முன் கல்லூரியின் மாணவர் நலப் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே உதவி நிதி இருக்கக் கூடும். முடியாத நிலையில், முறைப்படி விண்ணப்பித்து ஒரு பருவத்துக்குப் படிப்பைத் தள்ளிவைக்கலாம். அப்படிச் செய்தால் இடம் காத்திருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் இடமும் போகும், கடனும் கழுத்தில் நிற்கும்.

நேயர்களே, உங்கள் தோட்டத்தில் இன்று எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இந்த வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதுங்கள். வேலையில் சேர்ந்த தேதி. சேமநிதியில் உள்ள தொகை. தோட்ட வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் போகக்கூடிய இடம். பிள்ளை எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டில் போகும். எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். உதவி வேண்டுமானால் உங்கள் பள்ளி ஆசிரியரிடம் அந்தப் புத்தகத்தை எடுத்து வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்.