சரியாத்தானே விட்டேன், பந்து ஏன் உள்ளே போகல? கூடைப்பந்து கேம்களின் தீராத பஞ்சாயத்து

ஸ்டீஃபன் கர்ரி கையில் பந்து. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், பக்கத்தில் யாருமே இல்லை. பட்டனை அழுத்தி, சரியான நொடியில் விரலை எடுக்கிறீர்கள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறிக்கிறது. "நான் சரியாத்தானே விட்டேன்!" என்று கன்ட்ரோலரைத் தூக்கிப் போடத் தோன்றும்.

தவறியது யார்? நீங்களா, திரையில் இருக்கும் கர்ரியா, இல்லை கேமுக்குள் உருளும் பகடையா? என்.பி.ஏ 2கே மாதிரியான கேம்களை உருவாக்குபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் பதில் தேடும் கேள்வி இதுதான்.

அப்படியே நிஜமா இருந்தா என்ன?

2015-16 சீசனில் கர்ரி 886 முறை மூன்று புள்ளிக்கு முயன்றார். 402 உள்ளே போனது, அதாவது 45.4 சதவீதம். கூடைப்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த ஷூட்டிங் சீசன்களில் ஒன்று அது. அதிலேயே 484 பந்துகள் வெளியே!

இதை அப்படியே கேமில் வைத்தால், நீங்கள் எவ்வளவு கச்சிதமாக விளையாடினாலும் பாதிக்கு மேல் தவறும். அப்புறம் உங்கள் விரலுக்கு என்ன வேலை? லாட்டரி டிக்கெட் கிழித்த கதைதான்.

சரி, திறமை மட்டும் போதுமா?

அதுவும் சிக்கல். ஷகீல் ஓ'நீல் ஃப்ரீ த்ரோவில் எவ்வளவு திணறியவர் என்பது ஊருக்கே தெரியும். அவரது வாழ்நாள் சராசரி 52.7 சதவீதம். டைமிங் மட்டுமே முடிவு செய்தால், உங்கள் கையில் அந்த ஷகீல் பத்துக்குப் பத்து போடுவார். கர்ரியை எடுத்தால் என்ன, ஷகீலை எடுத்தால் என்ன? ஜெர்சி நம்பர்தான் வித்தியாசம்.

கேம் இதை எப்படிச் சமாளிக்குது?

2கே தொடரில் வீரரின் ரேட்டிங்கும் உங்கள் டைமிங்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. பந்தை விட வேண்டிய அந்தச் சின்ன கால இடைவெளியை 'கிரீன் விண்டோ' என்பார்கள். நல்ல ஷூட்டருக்கு அது அகலம், சுமாரான ஷூட்டருக்குக் குறுகல். டிஃபெண்டர் நெருங்கினாலும், வீரர் களைத்துப் போனாலும் இன்னும் சுருங்கும். அதற்குள் விரலை எடுத்தால் பச்சை ஒளிரும், பந்து உள்ளே. கொஞ்சம் முன்பின் ஆனால், ரேட்டிங்கைப் பொறுத்து பகடை உருளும்.

கர்ரி இந்தக் கணக்கையும் குழப்பினார். ஓடிக்கொண்டே, தூரத்திலிருந்து, டிஃபெண்டர் முகத்துக்கு நேரே ஷாட் அடிப்பதை 'மோசமான முடிவு' என்று தண்டிப்பதுதான் கேமின் விதி. நிஜத்தில் அவர் அதையே சர்வசாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்தார். கர்ரியை கேமுக்குள் கொண்டுவருவது சவால்தான் என்று 2016-ல் 2கே-யின் கேம்ப்ளே பொறுப்பாளர் மைக் வாங் வெளிப்படையாகவே சொன்னார். அவருக்காக விதியைத் தளர்த்தினால், எல்லோரும் கர்ரியை எடுத்துக்கொண்டு பாதி மைதானத்திலிருந்தே எறிவார்கள்.

2020 செப்டம்பரில் வந்த 2கே21 வேறு மாதிரி சறுக்கியது. ஸ்டிக்கால் ஷாட் அடிப்பவர்கள் இடம் வலமாகக் குறியும் பார்க்க வேண்டும் என்று மாற்றினார்கள். திறமைக்கு அதிக இடம் கொடுக்கும் எண்ணம்தான். ஆனால் பழைய ஆட்டக்காரர்களே தடுமாற, சில நாட்களிலேயே எளிய நிலைகளில் கடினத்தைக் குறைத்தார்கள்.

ஏமாத்துறாங்களோ?

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1993-ல் ஆர்கேடுகளைக் கலக்கிய என்.பி.ஏ ஜாம், நிஜத்தைப் பற்றிக் கவலையே படாத கேம். தொடர்ந்து மூன்று முறை கூடையில் போட்டால் வீரருக்கு நெருப்பே பிடித்துவிடும்! அதை வடிவமைத்த மார்க் டர்மெல், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிராக இழுபறி ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் கடைசி நொடியில் அடிக்கும் பந்துகள் தவறும்படி ரகசியமாக எழுதி வைத்ததை பல வருடங்கள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த கேமில் புல்ஸை எடுத்துத் தோற்றவருக்குத் தன் விரல் மேல்தான் சந்தேகம் வந்திருக்கும். தவறு எதனால் நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை திருத்திக்கொள்ள முடியும். கேமும் மைதானமும் ஒத்துப்போகும் இடம் அது.

இதுல பணம் எங்க வருது?

உங்கள் பாக்கெட்டைத் தொடும் விஷயம் இதுதான். மைகரியர் மோடில் சொந்தமாக ஒரு வீரரை உருவாக்குவோம். ஆரம்பத்தில் ரேட்டிங் குறைவு. அதை உயர்த்த 'விசி' என்ற கேம் நாணயம் தேவை. மணிக்கணக்கில் ஆடிச் சம்பாதிக்கலாம், நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'நிஜத்தன்மை' என்ற பெயரில் ரேட்டிங்குக்கு எவ்வளவு எடை கூடுகிறதோ, அவ்வளவுக்கு நிஜப் பணத்துக்கும் எடை கூடுகிறது. கர்ரியின் ரேட்டிங் அவர் வியர்வையில் வந்தது. எதிரில் ஆடுபவரின் ரேட்டிங் கார்டு தேய்த்தும் வந்திருக்கலாம். வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடுபவருக்கு விசி வாங்கும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசை எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

நாம என்ன செய்யலாம்?

முதலில் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். டைமிங்குக்கு முக்கியத்துவம் தருவதா, வீரரின் நிஜ சதவீதத்துக்கா என்று தேர்வு செய்யும் வசதி உண்டு. 2கே25-ல் பச்சை விழுந்தால் மட்டுமே புள்ளி, இல்லையென்றால் தவறு என்ற ரிஸ்க்கையும் நீங்களே எடுக்கலாம்.

நண்பருடன் சோபாவில் உட்கார்ந்து ஆடும்போது இருவருக்கும் ஒரே செட்டிங் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் தொடர்ந்து தவறினால் நெட் தாமதத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் சின்ன இழுவைகூட டைமிங்கைக் கெடுத்துவிடும்.

விசி வாங்குவதற்கு முன்னால் பயிற்சி மைதானத்தில் ஒரே வீரரை வைத்து நூறு ஷாட் அடித்துப் பாருங்கள். அதில் எத்தனை முறை நீங்களே சீக்கிரம் விரலை எடுத்தீர்கள் என்று எண்ணிவிட்டு, அப்புறம் முடிவு செய்யலாம்.