நிந்தவூர்ப் பேச்சும் திசைச்சொல் மரபும்

ஓரூரார் வழங்குஞ் சொல்லைப் பிறிதோரூரார் கேட்டு நகைத்தல் எந்நாட்டினும் உள்ளதே. அமெரிக்கரின் ஆங்கிலத்தைக் கொச்சையென இங்கிலாந்தினர் பலர் இகழ்ந்தனர். ஆயினும் இலையுதிர் காலத்தை அமெரிக்கர் குறிக்கும் 'ஃபால்' என்னுஞ் சொல், முன்னர் இங்கிலாந்தில் வழங்கிப் பின்னர் அங்கு அருகியதொன்றாகும். கொச்சை எனப்பட்டது பழமையின் எச்சமே. இதனையுணர்ந்த அறிஞர், பிரெடரிக் காசிடி என்பார் தலைமையில், 1965 முதல் 1970 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க ஊர்களிற் சொற்களைத் திரட்டினர். அவ்வகராதியின் முதற்றொகுதி 1985இலும் ஐந்தாந்தொகுதி 2012இலும் வெளிவந்தன.

தமிழிலக்கணம் இவ்வுண்மையைப் பண்டே கண்டது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுட்குரியதாகக் கொண்டார். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி எனப்பட்டது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றல் அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம்.

இம்மரபு கொண்டு நிந்தவூர்ப் பேச்சை நோக்குவாம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இதன் பேச்சும் மட்டக்களப்புத் தமிழின் ஒரு கூறேயாம். இங்குள்ள முஸ்லிம் மக்கள் தந்தையை வாப்பா என்றும், தாயை உம்மா என்றும், தமையனைக் காக்கா என்றும் அழைப்பர். கேரள முஸ்லிம்களிடையும் இவை வழங்குதல் கருதத்தக்கது. தமிழகத்திற் பாட்டனைக் குறிக்கும் 'தாத்தா' என்னுஞ் சொல், இலங்கை முஸ்லிம்களிடையே தமக்கையைக் குறிக்கும். அரபுச் சொற்கள் பல விரவியிருப்பினும், சமயவாழ்வின் நடுவே தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி என்னுந் தமிழ்ச் சொற்களே நிலைபெற்றுள்ளன. குழம்பைக் குறிக்கும் 'ஆணம்' என்பதும் அகராதி ஏற்ற சொல்லே.

வயலிலோ சமய வேறுபாடு சொல்லிற் காணப்படுவதில்லை. விபுலாநந்த அடிகள் 1892இல் தோன்றிய அயலூராகிய காரைதீவின் இந்து உழவரும், நிந்தவூர் முஸ்லிம் உழவரும் வயற்பரப்பை வட்டை என்பர். நிலக்கிழாரைப் போடியார் என்பர். நெற்களத்தைக் களவெட்டி என்பர். 'பின்னர்' என்பதற்கு 'மறுகா' என்பதும், 'திரும்பு' என்பதற்குக் 'கிறுகு' என்பதும் இருசாரார்க்கும் பொதுவே. வள்ளுவர் உபகாரம் என்னும் பொருளில் ஆண்டதும், ஏனையோர் பயிர்த்தொழிலுக்கு வழங்குவதுமாகிய 'வேளாண்மை', இவர்தம் வாயில் வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். உழவர்க்கு நெல்லினும் பேருபகாரம் யாது?

எருமை பூட்டிச் சூடு மிதித்த களங்களில் இன்று இயந்திரம் அறுத்துத் தூற்றுகின்றது. தொழில் மாறுங்கால் அதற்குரிய சொல்லும் மறையும். வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் 1964இல் இப்பகுதியின் வழக்குகளை ஆராய்ந்தார். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மாணவர் கட்டுரையில் 'மறுகா' என்பதைத் திருத்தும் ஆசிரியர், பொதுவழக்கைக் கற்பிப்பதோடு அமையாது, அச்சொல்லின் வரலாற்றையும் உடன் உணர்த்துவாராயின், ஊரார் வாய்மொழி இழிவெனும் எண்ணம் இளைஞர் நெஞ்சில் வேரூன்றாது. முதியோர் உள்ளபொழுதே அவர்தம் சொற்களைக் கேட்டெழுதி வைத்தல் கற்றோர் கடனாகும்.