பிரேஸிலின் விடுதலையும் முதல் சாசனமும்: குடிமக்கள் யார்?

தென் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகள் ஸ்பெயினை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போரிட்டுக் குடியரசுகளாயின. பிரேஸிலின் கதை வேறு. அதை அடிமைப்படுத்தியிருந்த போர்ச்சுக்கலின் இளவரசரே அதற்கு விடுதலையை அறிவித்தார்!

1807இல் நெப்போலியனின் படை போர்ச்சுக்கலுக்குள் நுழைந்தபோது, அரச குடும்பம் கப்பலேறி பிரேஸிலுக்குத் தப்பியது. 1821இல் மன்னர் ஆறாம் ஜோவான், மகன் பெட்ரோவிடம் ஆட்சிப் பொறுப்பை விட்டுவிட்டு நாடு திரும்பினார். பிரேஸிலை மீண்டும் பழைய காலனி நிலைக்கே தள்ள முயன்ற லிஸ்பன் நாடாளுமன்றம், பெட்ரோவையும் திரும்ப அழைத்தது. அவர் மறுத்தார். 1822 செப்டம்பர் 7 அன்று விடுதலையை அறிவித்தார். அவ்வாண்டே பேரரசராக முடிசூடினார். (ரத்தமே சிந்தவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பாஹியா மாகாணத்தில் போரிட்டுத்தான் 1823 ஜூலையில் போர்ச்சுக்கல் படையை வெளியேற்ற முடிந்தது.)

சாசனம் எழுத 1823இல் ஒரு சபை கூடியது. அது தம் அதிகாரத்தைக் குறைப்பதைக் கண்ட பெட்ரோ, நவம்பரில் படையை அனுப்பி அதைக் கலைத்தார். பிறகு தாமே நியமித்த குழுவை எழுதச் சொல்லி, 1824 மார்ச் 25இல் சாசனத்தை வழங்கினார்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை அதன் 5, 6ஆம் பிரிவுகள். கத்தோலிக்கமே அரச மதம். மற்றவர்கள் வீட்டுக்குள் வழிபடலாம், ஆனால் அந்த இடம் வெளியே வழிபாட்டுத் தலம்போல் தெரியக் கூடாது. விடுவிக்கப்பட்ட அடிமை பிரேஸிலில் பிறந்தவராயின் குடிமகன்; ஆப்பிரிக்காவில் பிறந்தவராயின் இல்லை. அடிமைத்தளையிலேயே கிடந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கோ எந்த விடுதலையும் இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அதே சாசனம் சொத்துரிமையையும் முழுமையாகக் காத்தது. அடிமைகள் அன்று சொத்தாகவே கருதப்பட்டனர்!

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஹவுசா, யொரூபா முஸ்லிம்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1835 ஜனவரியில், ரமளானின் கடைசிப் பத்தில், பாஹியாவின் சால்வடோர் நகரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அங்கே முஸ்லிம்களை 'மாலே' என்று அழைத்ததால் இது மாலே கிளர்ச்சி எனப்படுகிறது. சில மணி நேரத்தில் அது ஒடுக்கப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கைப்பற்றப்பட்ட அரபுத் தாள்களில் குர்ஆன் வசனங்கள் இருந்தன.

அடிமைமுறை ஒழிய 1888 மே 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே பேரரசு வீழ்ந்தது. அத்துடன் 1824ஆம் ஆண்டு சாசனமும் முடிவுக்கு வந்தது.