காய்கறி மறுக்கும் குழந்தையும் நகைச்சுவையும்: லாரன் சைல்டின் படக்கதை நூல் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

சிறுவர் இலக்கியத்துள் படக்கதை நூல் தனியொரு வகையாகும். அதில் சொல் பாதிக் கதையையே கூறும். எஞ்சியதைப் படம் கூறும். எழுத்தறியாக் குழந்தைக்குப் பெரியவர் படித்துக் காட்டுவதற்கென அமைவதால், ஒரே நேரத்தில் இரு வாசகரை அது நிறைவு செய்ய வேண்டியுள்ளது. உணவை மறுக்கும் குழந்தை இவ்வகை நூல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் பாத்திரமாகும். டாக்டர் சூஸ் ஐம்பதே வெவ்வேறு சொற்களைக் கொண்டு 1960ஆம் ஆண்டு எழுதிய ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’, ரசல் ஹோபன் 1964ஆம் ஆண்டு எழுதிய ‘பிரெட் அண்ட் ஜாம் ஃபார் பிரான்சஸ்’ ஆகியன இவ்வரிசையில் பலரும் அறிந்தவை. இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் ஓவியருமான லாரன் சைல்டு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஐ வில் நாட் எவர் நெவர் ஈட் எ டொமேட்டோ’ என்னும் நூலின் நகைச்சுவை எவ்வாறு இயங்குகிறது, அதனை வகுப்பறைக்குக் கொண்டுவரும் தமிழாசிரியர் எதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நூலும் கதையும்

படவோவியத்திற்காக அந்நாளில் வழங்கப்பட்ட கேட் கிரீனவே விருதை இந்நூல் பெற்றது. இதில் அறிமுகமான சார்லி, லோலா என்னும் அண்ணன் தங்கையரைக் கொண்டு 2005ஆம் ஆண்டில் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் தொடங்கப்பட்டது.

கதை எளியது. தங்கைக்கு உணவூட்டும் பொறுப்பு அண்ணனிடம் விடப்படுகிறது. தான் உண்ணாதவற்றை லோலா நீண்டதொரு பட்டியலாக ஒப்புவிக்கிறாள். தக்காளியோ எக்காலத்தும் ஆகாது என்கிறாள். சார்லி கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. அவள் வெறுக்கும் எதுவும் இன்று மேசையில் இல்லை என்று மட்டும் கூறுகிறான். கேரட் வியாழன் கோளிலிருந்து வந்த பொருளாகிறது. பட்டாணி கிரீன்லாந்தின் பச்சைத் துளியாகிறது. மசித்த உருளைக்கிழங்கு பியூஜி மலையுச்சி மேகமாகிறது. லோலா ஒவ்வொன்றாகச் சுவைக்கிறாள். இறுதியில் அவளே தக்காளியைக் கேட்கிறாள். அதற்கு நிலவோடு தொடர்புடைய பெயரொன்றையும் அவளே சூட்டுகிறாள். அதனைத் தக்காளி என்றா நினைத்தாய் என அண்ணனையே வினவுகிறாள்.

நகையின் நிலைக்களங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களங்களைக் கூறுவார். இந்நூலை விளக்க இப்பகுப்பு பெரிதும் துணைசெய்கிறது.

லோலாவின் மழலைப் பேச்சும் முடிவற்ற பட்டியலும் இளமை பற்றிய நகையைத் தருகின்றன. தலைப்பில் எதிர்மறைச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது பேதைமையின்பாற்படும். ஆங்கில இலக்கணப்படி அது பிழையாதலின் நகைப்பிற்குரியதாகிறது. மடன் என்பதனைப் பிறர் கூறியதை அவ்வாறே ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் என உரையாசிரியர் விளக்குவர். அண்ணனின் கற்பனைகளை லோலா நம்பி உண்கிறாள் எனக் கருதும்போது நாம் காண்பது மடனே.

ஆயினும் இறுதிப் பக்கம் இவ்வாசிப்பைத் தலைகீழாக்குகிறது. புதுப்பெயர் சூட்டும் விளையாட்டை லோலா தொடக்கம் முதலே அறிந்திருந்தாள் என்பது அங்குப் புலனாகிறது. மடன் எனத் தோன்றியது எள்ளலாக மாறுகிறது. எள்ளப்படுபவனோ அண்ணன், அவனோடு சேர்ந்து அவளை ஏமாளியென நினைத்த நாமுந்தான். குழந்தையை ஏமாற்றி உண்ணவைக்கும் நூல் இது என்னும் குற்றச்சாட்டிற்கு இப்பக்கமே விடையாகிறது. ஏமாற்றில் ஒருவருக்கே உண்மை தெரியும். விளையாட்டில் இருவருக்கும் தெரியும்.

பேரமும் விளையாட்டும்

அதே 2000ஆம் ஆண்டு கெஸ் கிரே எழுத, நிக் ஷரட் ஓவியம் தீட்டிய ‘ஈட் யுவர் பீஸ்’ என்னும் நூலோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அதில் தாய் பட்டாணியை உண்ணுமாறு மகள் டெய்சியிடம் பேரம் பேசுகிறாள். பரிசுகள் பக்கந்தோறும் பெருகி விண்கலம் வரை செல்கின்றன. டெய்சி அசையவில்லை. இறுதியில், தாய் விரும்பாத களைக்கோசை அவள் உண்டால் தானும் பட்டாணி உண்பதாக டெய்சி கூற, தாய் திகைத்து நிற்கிறாள். பேரம் தோற்கிறது.

இவ்விரு முடிவுகளும் உளவியல் ஆய்வுகளோடு இயைகின்றன. லீன் பர்ச்சும் அவர்தம் உடனாய்வாளரும் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, புதிய உணவைப் பலமுறை சுவைத்த இரண்டு வயதுக் குழந்தைகள் அதனை விரும்பத் தொடங்கியதைக் காட்டியது. 1984ஆம் ஆண்டு ஆய்வோ, பரிசு பெறுவதற்காக ஓர் உணவை உட்கொள்ளச் செய்தால் அவ்வுணவின்மீதான விருப்பம் குறைவதைக் காட்டியது. அறிமுகமில்லாத காய்கறிகளைப் படநூலில் முன்னரே கண்ட குழந்தைகள் அவற்றைச் சுவைக்க முன்வந்ததை ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இல் எடுத்துக்காட்டினர். எனினும், இக்காரணம் பற்றி மட்டும் கதைநூலை மருந்தாகக் கொள்வது பொருந்தாது.

தமிழில் கூறும்போது

இந்நூலைத் தமிழில் எடுத்துரைக்க விழையும் ஆசிரியருக்குத் தலைப்பே முதல் இடராகும். பிடிவாதத்தைத் தமிழ், தேற்ற ஏகாரத்தால் உணர்த்தும். ‘சாப்பிடவே மாட்டேன்’ என்பதில் பிடிவாதம் முழுமையாக வந்துவிடுகிறது. ஆனால் அத்தொடர் பிழையற்றது. மூலத்திலுள்ள பேதைமை நகை அங்கு மறைகிறது. அதனை ஈடுசெய்ய ‘ஒருநாளும் எந்நாளும் நாளைக்கும்கூட’ என்றாற்போன்ற மழலை அடுக்கு தேவைப்படும்.

கிரீன்லாந்து என்னும் பெயரில் உள்ள பச்சை, எழுத்துப்பெயர்ப்பில் குழந்தைக்கு எட்டாது. தமிழ்நாட்டிலுள்ள பச்சைமலையை அங்கு அமைத்தால் சொல்விளையாட்டு மீளும். சில இடங்களில் தமிழ் மூலத்தினும் மிகுதியாகத் தருகிறது. வியாழன் என்பது கோளுக்கும் கிழமைக்கும் பொதுவாதலின், ‘வியாழனிலிருந்து வந்த கேரட் நேற்றே வந்துவிட்டதா?’ எனக் குழந்தை கேட்க இடமுண்டு. தக்காளிக்கு லோலா சூட்டும் பெயரை ‘நிலாப்பீச்சி’ எனலாம். கடித்தவுடன் சாறு பீச்சுவதைக் கண்ட குழந்தைக்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

நம் வகுப்பறைகளில் கதை முடிந்தவுடன் ‘இக்கதையால் அறியும் நீதி யாது?’ என வினவும் வழக்கம் ஊன்றியுள்ளது. இந்நூலுக்குப் பின் அவ்வினாவைக் கேட்போமாயின், ‘காய்கறி உடலுக்கு நல்லது’ என்னும் விடை கிட்டும். நூலில் எவரும் அதனைக் கூறவில்லை. நூல் கூறாததை மாணவன் கூறுகிறான் என்றால், அவன் நூலைப் படிக்கவில்லை. நம்மைப் படித்திருக்கிறான் என்பதே பொருள். அதற்கு மாற்றாகப் பாகற்காயையோ கங்கோங் கீரையையோ மேசைமீது வைத்து, அதற்கொரு பெயரும் ஊரும் சூட்டுமாறு கேட்கலாம். சொல்லாக்கமும் வேற்றுமையுருபும் அங்கு இயல்பாகப் பயிலப்படும். அக்காயை அவர்கள் உண்பரா என்பது வேறு. தம் அறிவு மதிக்கப்பட்டதைக் குழந்தைகள் உணர்வர். தமிழில் அடுத்த நூலைத் தேடிவரச் செய்வது அவ்வுணர்வே என்பது எம் கருத்து.