ஒரு குரல், ஒரு நிமிடம்
விபத்தும் நாமும் – 7

சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்குக் கிட்டடியான வழி கிட்டங்கி. மாரியில் வெள்ளம் ஏறினால் அந்த வழி அடைபட்டுவிடும். சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்ற வேண்டிவரும். பாதை நீளும்போது அம்பியூலன்ஸுக்குள் நடப்பவையும் கூடும். அத்தனையும் ஆஸ்பத்திரி டொக்டரின் காதுக்குப் போய்ச் சேருகிறதா?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை, இந்திய உதவியுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பிறகு நாடெங்கும் பரவியது. காசில்லாமல் வண்டி வாசலுக்கு வருவது பெரிய பேறு. ஆனால் வண்டி கொண்டுவருவது ஆளை மட்டுமல்ல. அவருக்கு நடந்ததையும் சேர்த்துத்தான்.

வயலில் உழவு மெசின் புரண்டு அடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டி வந்தபோது பிறசர் 85. வழியில் சேலைன் ஏற்ற 105 ஆகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் அளந்தாலும் 105தான். முதல் எண்ணைச் சொல்லாமல் விட்டால், வயிற்றுக்குள் இரத்தம் கசிகிற ஆள் "பரவாயில்லை" என்று ஓரமாகப் படுக்கவைக்கப்படலாம்.

நேரமும் அப்படித்தான். இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் மருந்தை 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயப்பட்டோரிடம் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அடிபட்டு 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும். பிந்தினால் கெடுதியும் செய்யலாம் என்பது அதன் தரவுகளிலிருந்து தெரியவந்தது. அடிபட்ட நேரம் தெரியாமல் டொக்டர் எப்படி முடிவெடுப்பார்?

சொல்வது மட்டும் போதாது. ட்ரொலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது ஒருவர் உடுப்பை வெட்டுவார், ஒருவர் நரம்பு தேடுவார், உறவினர் அழுவார்கள். அந்த இரைச்சலில் சொன்னது யார் காதில் விழும்? அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அம்பியூலன்ஸ் குழுவினர் வாயால் சொன்ன முக்கிய விபரங்களில் காற்பங்குக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறவேயில்லை.

இதற்கு மருந்து எளியது. பிரித்தானியாவில் பழக்கத்திலுள்ள ஒழுங்கு இது: வயது, அடிபட்ட நேரம், அடிபட்ட விதம், கண்ட காயங்கள், நாடித்துடிப்பும் பிறசரும் மூச்சும் நினைவும், கொடுத்த சிகிச்சை. ஆறே விடயம், ஒரு நிமிடம். மூச்சு நின்றாலோ இரத்தம் பீறிட்டாலோ அதுதான் முதல் வேலை. மற்றப்படி எல்லாக் கையும் ஓய வேண்டும். ஒருவர் சொல்ல, பொறுப்பான டொக்டர் கேட்க, ஒரு தாதி எழுத வேண்டும். கேட்டவர் முக்கியமானதைத் திருப்பிச் சொன்னால் பிழை அங்கேயே பிடிபடும். தலையில் அடிபட்டவரை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்போது, அந்தத் தாளும் கூடவே போக வேண்டும்.

நம் பக்கத்தில் காயப்பட்டவரை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. அப்போது ஒப்படைக்கிறவர் நீங்கள்தான். கண்ணால் கண்ட ஒருவர் மட்டும் முன்னே வந்து சொல்லட்டும்: எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார், இடையில் நினைவு தப்பியதா, இரத்தம் உறையாதிருக்கக் குளிசை போடுகிறவரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

இதற்குப் புதுக் கட்டடமோ மெசினோ தேவையில்லை. நம் ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரிலும் அந்த ஆறு விடயங்களும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். அம்பியூலன்ஸ் குழுவினரும் ஆஸ்பத்திரியினரும் சேர்ந்து பழக வேண்டும். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

(தொடரும்)