ஈயத் தக்கை

கீழக்கடையம் வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1903-இல். அந்த மீட்டர்கேஜ் பாதையில் வெகுகாலம் ஓடியவை கரி இன்ஜின்கள். கொதிகலனில் அழுத்தம் எல்லை மீறினால் உச்சியில் உள்ள பாதுகாப்பு வால்வு தானே திறந்து ஆவியை வெளியே விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீர் குறைவது. நெருப்பறையின் கூரைத் தகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் இறங்கினால் தகடு பழுக்கும், இளகும், ஆவியின் அழுத்தம் தாங்காமல் கிழியும். கிழிந்தால் இன்ஜினே வெடித்துவிடும். அதற்காகவே அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு தக்கையைத் திருகி வைத்தார்கள். தகடு இளகும் முன்பே ஈயம் உருகும். ஆவி நெருப்பறைக்குள் சீறிப் பாயும். ஓட்டுநருக்கு அதுதான் எச்சரிக்கை. வண்டி நடுவழியில் நிற்கும், பயணிகள் திட்டுவார்கள். திட்டட்டுமே!

உங்கள் குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே சேஃப்டி வால்வு, அதுவும் இந்தத் தக்கையின் வகைதான். வெயிட் துளை அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றிப்போனாலோ அதன் உலோகம் உருகி வழிவிடும். உருகிய வால்வை எதையாவது வைத்து அடைத்துச் சமாளிக்காதீர்கள். அதே கம்பெனி வால்வைப் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.